மணப்பாடு: குன்றின் மறைவில் ஒரு கடற்கரை

திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வாருங்கள். பனைகளுக்கு மேலே ஒரு மேடும், அதன் உச்சியில் ஒரு கோயிலும் தெரிய ஆரம்பிக்கும். தரை வழியாக வருகிறவருக்கு மணப்பாட்டின் முதல் அடையாளம் அதுதான். கடலில் இருந்து திரும்பும் மீனவருக்கும் அதுதான். கரையிலுள்ள கோபுரத்தையும் மேட்டையும் பனைத்தோப்பையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, கடலில் தாம் இருக்கும் இடத்தை அறிவதை இக்கரையில் 'கணியம்' பார்ப்பது என்பார்கள். மணப்பாட்டுக் குன்று அப்படிப்பட்ட ஒரு பழைய கணியம்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் குன்றைச் சுற்றியே வரும். ஊர் அங்கே அமைந்ததற்கும், படகுகள் அங்கே ஒதுங்கியதற்கும், நீங்கள் நிம்மதியாகக் கால் நனைக்க ஓர் இடம் கிடைப்பதற்கும் காரணம் ஒன்றே. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மேடு காற்றை மறிக்கிறது.

ஒரு பார்வையில்

மாவட்டம்: தூத்துக்குடி. வட்டம்: திருச்செந்தூர்.
தொலைவு: திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கி.மீ., தூத்துக்குடியிலிருந்து சுமார் 60 கி.மீ.
போவதற்கு ஏற்ற காலம்: ஜனவரி முதல் மார்ச் வரை.
பெருவிழா: செப்டம்பர் 1 முதல் 14 வரை, திருச்சிலுவைத் திருவிழா.
ஒதுக்க வேண்டிய நேரம்: குறைந்தது அரை நாள். விடியலும் அந்தியும் சேர்ந்தால் ஒரு முழு நாள்.
தங்க: திருச்செந்தூர்.

முதலில் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் முதன்முதலில் மணப்பாட்டுக்குப் போனது ஓர் ஆனி மாதத்தில். குன்றின் மேல் கால் ஊன்றி நிற்க முடியவில்லை. மணல் ஊசிபோல் முகத்தில் குத்தியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கியவனைப் பார்த்து, வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "மேல நின்னா காத்து அடிக்கத்தான் செய்யும் தம்பி. வடக்க எறங்கிப் போ. அங்க காத்து தெரியாது." இருநூறு முந்நூறு அடி நடந்திருப்பேன். சத்தம் அடங்கிவிட்டது. கரையோரத் தண்ணீர் குளம்போல் கிடந்தது. அன்று அவர் சொன்ன வார்த்தையைத்தான் இந்த ஊருக்கு வருகிற எல்லோருக்கும் நான் திரும்பச் சொல்கிறேன்.

ஆண்டில் இரண்டு பெரிய காற்றுகள் இந்தக் கரையை ஆளுகின்றன. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். அப்போது குன்றின் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் மறைவாக இருக்கும். ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வாடை வரும். அப்போது நிலைமை தலைகீழாகும். வடக்குக் கரையில் அலை எழும், தெற்குக் கரை ஓரளவு அடங்கியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் கொண்டல் என்னும் கீழ்க்காற்று மெதுவாக வரும். மாசி, பங்குனியில் காற்று எல்லாமே தணிந்து கடல் தெளிந்திருக்கும்.

ஆகவே, 'மணப்பாட்டுக் கடற்கரை பாதுகாப்பானதா?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 'இன்றைக்கு என்ன காற்று? எந்தப் பக்கம் மறைவு?' என்று கேட்க வேண்டும். கரையில் அமர்ந்திருப்பவரிடம் "இன்னைக்கு என்ன காத்து அண்ணாச்சி?" என்று கேளுங்கள். சரியான பதிலும் கிடைக்கும், பேச்சுத் துணையும் கிடைக்கும்.

எப்போது போகலாம்

ஜனவரி இரண்டாம் பாதியிலிருந்து மார்ச் வரை போவது மிக நல்லது. வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும், வாடையும் வலுவிழந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே மணல் சுடும். அந்த மாதங்களில் போவதென்றால் விடியலுக்கு முன் ஊருக்குள் இருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குன்றின் மேல் மணல் பறக்கும். மறைவுக் கரையின் அருமை தெரிவது அந்த மாதங்களில்தான். கண்ணாடியும் தலைக்குத் துண்டும் எடுத்துக்கொண்டால் அப்போதும் போகலாம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

விழாவைப் பார்க்க விரும்பினால் செப்டம்பர் முதல் இரண்டு வாரங்கள். 14ஆம் தேதி திருச்சிலுவை மகிமை விழா. பல ஊர்களிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். கொழும்பு, மும்பை, வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போன மணப்பாட்டுக்காரர்கள் வீடு திரும்பும் காலமும் அதுதான். ஊரின் உயிரோட்டத்தைக் காண இதைவிட நல்ல நேரம் இல்லை. கடற்கரையில் தனிமை தேடுகிறவர்கள் மட்டும் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அருகிலுள்ள இரண்டு பெரிய விழாக்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா புரட்டாசி அமாவாசைக்குப் பின் பத்து நாள் நடக்கும். திருச்செந்தூர் சூரசம்ஹாரம் ஐப்பசிக் கந்தசஷ்டியில் வரும். இவ்விரு விழாக்களின்போதும் சாலை நகராது, விடுதியில் அறை கிடைக்காது.

போகும் வழியும் தங்குமிடமும்

ரயிலில் வருகிறவர்கள் திருச்செந்தூரில் இறங்க வேண்டும். சென்னை எழும்பூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் நேரடியாக வருகிறது. திருநெல்வேலியிலிருந்தும் பயணிகள் ரயில்கள் உண்டு. விமானத்தில் வருகிறவர்களுக்குத் தூத்துக்குடி வாகைக்குளம் நிலையம் பக்கம். திருச்செந்தூரிலிருந்து உவரி, கன்னியாகுமரி பக்கம் போகும் பேருந்துகள் குலசேகரன்பட்டினம் வழியாகச் செல்லும். மணப்பாட்டுக்கு உள்ளே வரும் பேருந்தா, விலக்கில் நிற்கும் பேருந்தா என்று ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலக்கில் இறங்கினால் வெயிலில் நடக்க நேரும். குழந்தைகளும் முதியவர்களும் கூட இருந்தால் திருச்செந்தூரிலேயே ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது நல்லது. திரும்பும் நேரத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

தங்குவதற்குத் திருச்செந்தூரே வசதி. சிறு விடுதியிலிருந்து பெரிய ஓட்டல் வரை எல்லாம் உண்டு. கிருத்திகை, சஷ்டி, பௌர்ணமி, சனி ஞாயிறுகளில் முன்பதிவு அவசியம். மணப்பாடு மீனவர்களின் குடியிருப்பு. சுற்றுலாவுக்கென்று கட்டப்பட்ட ஊர் அல்ல. கடையும் கழிப்பறையும் நகரத்தில் கிடைப்பதுபோல் கிடைக்கும் என்று எண்ணி வராதீர்கள். குடிதண்ணீர், தொப்பி, மாற்றுத்துணி, குப்பை போட ஒரு பை இவற்றைக் கையோடு கொண்டு வாருங்கள்.

ஊருக்குள் ஒரு நடை

வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். தெருக்கள் கடலை நோக்கிப் போகின்றன. பெரிய திண்ணையும் உயரமான தூணும் கொண்ட பழைய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. இலங்கையோடு வணிகம் செழித்திருந்த காலத்தில் சம்பாதித்தவர்களின் வீடுகள் அவை. சில பூட்டிக்கிடக்கும். சிலவற்றில் ஒரு பாட்டியும் ஒரு வானொலியும் மட்டும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். யாராவது உள்ளே கூப்பிட்டால் தயங்காமல் போங்கள்.

இந்த ஊர் பரதவர்களின் ஊர். முத்துக்குளித்துறை என்று வரலாறு சொல்லும் நீண்ட கரையின் ஒரு கண்ணி. முத்துச்சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், மேல் உரிமை யாருக்கு என்ற மோதலில் நெருக்குண்ட பரதவர்கள் 1530களில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். அதன் தடம் இன்றும் பெயர்களில் இருக்கிறது. பெர்னாண்டோ, ரோட்ரிகோ, மச்சாடோ, மிராண்டா என்ற பெயர்களை வாசல் பலகைகளில் படிக்கலாம். போர்ச்சுக்கீசிய மொழி நம் எல்லோருடைய வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. மேசை, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அந்தக் கப்பல்களில் வந்திறங்கிய சொற்கள்தாம்.

தமிழ் அச்சுக்கலைக்கும் இந்தக் கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்ற போர்ச்சுக்கீசியத் துறவி அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே அச்சேறிய மிகப் பழைய நூல்களில் அது முன்நிற்பது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்தச் சிறு நூலைப் படிக்க வேண்டியவர்கள் மணப்பாடு, புன்னைக்காயல் போன்ற இந்தக் கரை ஊர்களின் மக்கள்.

மணப்பாட்டில் மூன்று கோயில்கள் உள்ளன. இக்கரையில் கத்தோலிக்கர்களும் தேவாலயத்தைக் 'கோயில்' என்றே சொல்வார்கள். நீங்களும் அப்படியே கேட்டால் வழி எளிதாகக் கிடைக்கும். குன்றின் மேல் இருப்பது திருச்சிலுவைக் கோயில். மற்ற இரண்டும் பரிசுத்த ஆவி கோயிலும் புனித யாகப்பர் கோயிலும்.

நடக்கும்போது வீட்டு வாசல்களில் பனையோலை முடையும் பெண்களைக் காணலாம். பெட்டி, கூடை, விசிறி என்று மணப்பாட்டு ஓலை வேலைக்கு நெடுநாளாகப் பெயர் உண்டு. நினைவுப்பொருள் வாங்க விரும்பினால் அதை வாங்குங்கள். எடை இல்லை, உடையாது. கொடுக்கும் பணமும் முடைந்த கைக்கே போகும்.

குன்றும் திருச்சிலுவைக் கோயிலும்

இந்தக் குன்று கருங்கல் மலையன்று. சுண்ணாம்பு கலந்து இறுகிய மணல்பாறை. விரலால் சுரண்டினால் பொடி உதிரும் இடங்களும் உண்டு. திருச்செந்தூர்க் கோயிலை ஒட்டிய கடற்கரைப் பாறையும் இதே வகையைச் சேர்ந்தது. அங்கே வள்ளி குகையும் இங்கே சவேரியார் குகையும் அமைந்ததற்கு இந்த மெல்லிய பாறைதான் காரணம். ஓரம் அரிக்கப்பட்டு உள்ளீடற்று நிற்கும் இடங்கள் இருப்பதால் விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம். பாறையில் பெயர் செதுக்கவே வேண்டாம். காற்றும் அலையும் செய்யும் அரிப்பே அதற்குப் போதும்.

கோயிலின் தொடக்கம் பற்றி ஊரில் வழிவழியாகச் சொல்லும் வரலாறு இது. 1540இல் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல் புயலில் சிக்கியது. பாய்மரம் முறிந்தது. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து நடுவதாகக் கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். கப்பல் மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது. சொன்னபடி குன்றின் மேல் சிலுவை நாட்டப்பட்டது. பின்னர் 1581இல் அங்கே கோயில் எழுந்தது. இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படும் திருப்பண்டம் இந்தக் கோயிலின் பெருஞ்செல்வம்.

இந்த வரலாற்றைக் கேட்டபின் வடக்கே திரும்பிக் கரையைப் பாருங்கள். அடிபட்ட கப்பல் ஏன் இங்கே ஒதுங்கியது என்ற கேள்விக்கு உங்கள் கண் முன்னாலேயே விடை கிடக்கிறது. காற்றுக்கு மறைவான வளைகுடா இருக்கிற இடத்தில்தான் கப்பல் ஒதுங்கும், சிலுவை நடப்படும், ஊர் வளரும்.

ஏற்றம் சிறியது. முதியவர்களும் நின்று நின்று ஏறலாம். உச்சியிலிருந்து பார்த்தால் கிழக்கிலும் தெற்கிலும் கடல். வடக்கே அரிவாள்போல் வளைந்த மணல். மணலுக்கு உட்பக்கம் கருமேனியாற்றின் கழிமுகம் ஏரிபோல் விரிந்திருக்கும். கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒரு மணல்திட்டு நீளும். இந்தக் காட்சிக்காகத்தான் பல படப்பிடிப்புக் குழுக்கள் இங்கே வருகின்றன. விடியற்காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்போது முதல் ஒளி கோயில் மேல் விழும். மாலையில் கழியின் தண்ணீர் பொன்னாக மாறும். படம் எடுக்க இரண்டு நேரமும் நல்லவை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் விடியலைத் தேர்ந்தெடுங்கள். படகுகள் கரை திரும்பும் நேரமும் அதை ஒட்டியே வரும்.

சவேரியார் குகை

குன்றின் கடல் பக்கத்தில், அலைச் சத்தம் எப்போதும் கேட்கும் இடத்தில் குகை இருக்கிறது. கத்தோலிக்க மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவா வந்து, அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டார். மணப்பாட்டில் இருந்த நாட்களில் அவர் தங்கிச் செபித்த இடம் இந்தக் குகை என்பது மக்களின் நம்பிக்கை. இப்போது உள்ளே சிறு பீடம் அமைத்து வழிபடுகிறார்கள்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை உட்காரவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணி அடித்துக்கொண்டு தெருவில் போய்ச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இதை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1544இல் மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒரு நிகழ்ச்சியை இந்தக் குகை வாசலில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம் கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவர்களை வடக்கிலிருந்து வந்த வடுகப் படை விரட்டியது. அவர்கள் கடல் நடுவே இருக்கும் பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் துடித்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். காற்று எதிர்த்தது. நாள் கணக்கில் போராடியும் கன்னியாகுமரி முனையை எட்ட முடியாமல் தோணிகள் மணப்பாட்டுக்கே திரும்பின. பிறகு அவர் கரை வழியே கால்நடையாகப் போனார்.

ஆனி மாதத்தில் தென்மேற்கு நோக்கித் தோணி ஓட்டினால் கச்சான் முகத்தில் அடிக்கும். அன்று இருபது தோணிகளைத் திருப்பிய காற்றும், என் முகத்தில் மணல் வீசிய காற்றும் ஒன்றே. அதே காற்று இன்றும் அந்த மாதத்தில் மீனவர்களைக் கரையில் உட்காரவைக்கிறது. மணப்பாட்டு வரலாற்றைப் புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் அதைக் காற்றில் உணர்வது இந்த இடத்தில்தான்.

குகைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றிவிடுங்கள். உள்ளே யாராவது மன்றாடிக்கொண்டிருந்தால் வெளியே பொறுத்திருங்கள். அலை ஏறும் நேரத்தில் பாறைகள் ஈரமாகி வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

மறைவுக் கரை: எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

கச்சான் காலத்திலும் மாசி, பங்குனியிலும் வடக்கு வளைவில் இறங்குங்கள். குன்று முடிந்து மணல் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, படகுகள் நிற்காத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரே எல்லை. நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஏனென்றால் இங்கே உயிர்காப்பாளரை நம்பி இறங்க முடியாது. ஆபத்தென்றால் ஓடி வருபவர்கள் மீனவர்கள்தாம். அவர்கள் பார்வையில் படும்படி இருங்கள்.

மூன்று இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

முதலாவது, குன்றின் கூர்முனை. தெற்கிலிருந்து வரும் அலை பாறையைச் சுற்றி வளையும் இடம் அது. அங்கே நீரோட்டம் பாறையை ஒட்டி வெளியே இழுக்கும். வடக்கே தண்ணீர் குளமாகத் தெரிவதை நம்பி முனை வரை நடந்து போகாதீர்கள். சர்ஃபிங் பழகியவர்கள் விரும்புவது வளைந்து வரும் அந்த அலையைத்தான். பழகாதவருக்கு அது இடமல்ல.

இரண்டாவது, கழிமுகத்தின் வாய். மழை குறைந்த மாதங்களில் மணல் மூடிக்கிடக்கும். மழைக்குப் பின் ஆறு உடைத்துக்கொண்டு கடலில் சேரும். கடல் வற்றும்போது அங்கே இழுப்பு அதிகம். கீழே மணலும் நிலையாக நிற்காது.

மூன்றாவது, படகுத்துறை. இழுத்துக்கட்டிய கயிறுகளும் நங்கூரங்களும் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். கரை ஏறும் படகை ஓட்டுபவர், எதிரே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பவரைப் பார்ப்பது கடினம்.

சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீர் போதும். மணலில் நண்டு ஓடுவதைப் பார்ப்பதிலேயே அவர்களுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். சிப்பி, சங்கு, பவளத்துண்டு என்று கையில் கிடைப்பதை எல்லாம் பைக்குள் போடப் பழக்காதீர்கள். பவளமும் கடல் அட்டையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. யாராவது விற்க வந்தாலும் வாங்கக் கூடாது. ராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரையான இந்த மன்னார் வளைகுடாக் கடல் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஏலம், மீன், சாப்பாடு

படகுகள் வந்து சேர்ந்ததும் கரையிலேயே ஏலம் நடக்கும். சாளை, நெத்திலி, முரல், பாரை, விளமீன், சீலா, நெய்மீன் என்று பருவத்துக்குப் பருவம் குவியல் மாறும். ஏலம் பேசும் வேகம் புதியவருக்குப் புரியாது. ஒதுங்கி நின்று கேளுங்கள். குவியலுக்கும் வியாபாரிக்கும் நடுவே நுழைந்து படம் எடுத்தால் ஒருவருடைய அன்றைய வருமானத்துக்கு இடைஞ்சல் செய்கிறீர்கள் என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமையில் இக்கரைக் கத்தோலிக்க மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. ஏலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேறு நாளில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும்.

ஊருக்குள் பெரிய உணவகங்களை எதிர்பார்க்க வேண்டாம். காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் திருச்செந்தூரிலோ உடன்குடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் உடன்குடிக் கருப்பட்டி வாங்காமல் போகாதீர்கள். கோடையில் பதநீரும் நுங்கும் சாலையோரத்தில் கிடைக்கும். பதநீரை விடியலில் இறக்கிய சூட்டோடு குடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏற அது புளித்துவிடும்.

ஊரில் நடந்துகொள்ளும் முறை

கோயிலுக்கும் குகைக்கும் போகும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். கடலில் குளித்த ஈரத்துணியோடு தெருவுக்குள் நடக்க வேண்டாம். வலை உலர்த்தியிருக்கும் இடத்தில் மிதித்துப் போகாதீர்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் உட்கார்ந்து முடிய வேண்டியவர் வலைக்குரிய மீனவர்தான். படகின் மேல் ஏறி உட்காருமுன் கேளுங்கள். பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மது அருந்திவிட்டுக் கடற்கரைக்கு வராதீர்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக்கை ஒன்றுகூட விடாமல் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு நாள் திட்டம்

காலை 5:00: திருச்செந்தூரிலிருந்து புறப்படுதல்.
5:45: குன்றின் மேல் விடியல்.
6:45: இறங்கி வந்து கரையில் படகுகளையும் ஏலத்தையும் பார்த்தல்.
8:00: சவேரியார் குகை.
8:45: அன்றைய காற்றுக்கு மறைவான பக்கத்தில் கடலில் இறங்குதல். 10 மணிக்குள் கரையேறிவிடுங்கள்.
10:15: ஊர் நடை, மற்ற இரண்டு கோயில்கள், ஓலைப் பெட்டி வாங்குதல்.
12:00: உடன்குடி. சாப்பாடு, கருப்பட்டி.
பிற்பகல் 3:00: குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில்.
மாலை 5:30: திருச்செந்தூர். நாழிக்கிணறு, வள்ளி குகை, கடற்கரை.

அருகில் பார்க்க

குலசேகரன்பட்டினத்துக்கு மூன்று முகங்கள் உண்டு. தசராவுக்கு வேடம் கட்டி வரும் பக்தர்களின் ஊர் அது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது அங்கே நடந்த உப்பு அதிகாரி லோன் கொலை வழக்கு தமிழக விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அமைவதும் அங்கேதான். இலங்கையின் மேல் பறக்காமல் நேராகத் தெற்கே ராக்கெட்டைச் செலுத்த இந்தக் கரை வாய்ப்பளிக்கிறது. பணி நடக்கும் பகுதிக்குள் நுழைய முயல வேண்டாம்.

தெற்கே போனால் செம்மணல் குவிந்த தேரிக்காடும், அதற்கப்பால் உவரியும் வரும். உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும், அந்தோணியார் திருத்தலமும், சுயம்புலிங்க சுவாமி கோயிலும் உள்ளன. தேரியின் செம்மணலைக் குவித்ததும் கச்சான்தான். இனிப்புப் பிரியர்கள் உள்நாட்டுப் பக்கம் முதலூருக்குத் திரும்பினால் தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா கிடைக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

மணப்பாட்டுக் கடற்கரை யாரும் கட்டிக்கொடுத்ததன்று. இறுகிய மணல் குன்று ஒன்று காற்றை மறித்து நிற்பதால் கிடைத்தது. அந்த மறைவில் முதலில் படகு ஒதுங்கியது, பிறகு ஊர் வளர்ந்தது. அதன்பின்தான் நாம் பார்க்க வந்திருக்கிறோம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அந்தக் கரைதான் துறைமுகம், சந்தை, களம், முற்றம் எல்லாம். ஒருவர் வீட்டு முற்றத்தில் எப்படிக் காலடி வைப்போமோ அப்படியே அங்கும் வையுங்கள். இறங்குமுன் காற்றைக் கேளுங்கள். புறப்படுமுன் கரையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நீங்கள் வந்து போனதற்குக் காலடித் தடத்தைத் தவிர வேறெதுவும் அங்கே கிடக்கக் கூடாது.